எந்த மிஹைலோவ்கா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறீர்கள். உடன் படிக்கும் ரஷ்ய நண்பரின் கொள்ளுப்பாட்டி பிறந்தது மிஹைலோவ்கா என்ற கிராமத்தில். அந்தப் பெயரைத் தவிர அவர் வீட்டில் வேறொன்றும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து இணைய வரைபடத்தில் தேடினால் வோல்காப் பக்கம், சைபீரியா, பசிபிக் கரை என்று எங்கு பார்த்தாலும் மிஹைலோவ்கா. ஏன் இப்படி, ரஷ்யர்களுக்கே குழப்பம் வராதா, நம்முடைய ஊர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிஹைலோவ்கா மட்டும் இப்படி இல்லை. அலெக்சாந்திரோவ்கா, இவானோவ்கா, நிகோல்ஸ்கோயே, பக்ரோவ்ஸ்கோயே, பெரியோசொவ்கா, கமென்கா என எல்லாமே இப்படித்தான். சில பெயர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் உண்டு. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் யாரும் நாட்டு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசிக்கவில்லை. சுற்றியிருக்கும் பத்து ஊர்களிலிருந்து தங்கள் ஊர் தனியாகத் தெரிந்தால் போதும், அவ்வளவுதான் தேவை. அதனால் ரஷ்யக் கிராமத்தின் பெயர் அது எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. எப்படிப்பட்டவர்கள், எந்தக் காலத்தில் வைத்த பெயர் என்பதை ஓரளவு சொல்லும். உங்கள் தேடலுக்கு உதவப்போவதும் அதுதான்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரஷ்யாவில் 1,53,124 கிராமப்புறக் குடியிருப்புகள் இருந்தன. அவற்றில் 19,416 இடங்களில் ஒருவர்கூட இல்லை. பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கும் குறைவாகவோ வாழும் ஊர்கள் 36,000க்கும் மேல். 1959இல் கிராமப்புறக் குடியிருப்புகளின் மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட 2,94,000 ஆக இருந்தது. இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக 1960களிலும் 70களிலும், சின்ன ஊர்களுக்கு ‘வருங்காலம் இல்லை’ என்று அதிகாரிகள் முத்திரை குத்தி, மக்களைப் பெரிய பண்ணைக் குடியிருப்புகளுக்கு நகர்த்தினார்கள். திவேர், பிஸ்கோவ் பிராந்தியங்கள் ஒவ்வொன்றிலும் இன்றைக்கும் எட்டாயிரத்துக்கு மேல் கிராமங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் பத்து வீடு இருந்தால் அதிகம். இத்தனை ஊர்களுக்கும் பெயர் வைக்கப் பயன்பட்ட வழிகளோ விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவை. பெயர்கள் திரும்பத் திரும்ப வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த வழிகளில் பழையது கோயில். ரஷ்ய மொழியில் கிராமத்துக்கே இரண்டு சொற்கள் உண்டு. தேவாலயம் இருந்தால் ‘செலோ’, இல்லாவிட்டால் ‘திரேவ்னியா’. புரட்சிக்கு முன்பு இது கறாரான வேறுபாடு. செலோவில் இருக்கும் தேவாலயத்துக்குச் சுற்றியுள்ள திரேவ்னியாக்களிலிருந்து மக்கள் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வருவார்கள். ஒரு திரேவ்னியாவில் புதிதாகத் தேவாலயம் எழும்பினால் அது செலோவாக உயரும். பல இடங்களில் பெயரும் அப்போதே மாறிவிடும், தேவாலயம் யாருக்கு அர்ப்பணிக்கப்பட்டதோ அவர் பெயருக்கு. புனித நிக்கலாயுக்கு என்றால் நிகோல்ஸ்கோயே. திரித்துவத்துக்கு என்றால் திரோயித்ஸ்கோயே. தேவமாதாவின் பக்ரோவ் திருநாளுக்கு என்றால் பக்ரோவ்ஸ்கோயே. இந்தத் திருநாள் இப்போதைய நாட்காட்டியில் அக்டோபர் 14. அறுவடை முடிந்து, முதல் பனி விழும் நேரம், கிராமத்தில் கல்யாணங்கள் நடக்கும் பருவம். விவசாயிக்கு இதைவிடப் பிடித்த திருநாள் எது? அதனால் பக்ரோவ்ஸ்கோயேக்களும் பெருகின. ரஸ்புதின் பிறந்தது ஒரு பக்ரோவ்ஸ்கோயேயில், டியூமென் பிராந்தியத்தில். ஒரியோல் பிராந்தியத்தில் ஒரு மாவட்டத் தலைநகர் பக்ரோவ்ஸ்கோயே, ரஸ்தோவ் பிராந்தியத்தில் இன்னொரு மாவட்டத் தலைநகரும் பக்ரோவ்ஸ்கோயே. இவற்றுக்குள் எந்த உறவும் இல்லை, திருநாளைத் தவிர.

அடுத்தது நிலப்பிரபு. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்படும்வரை மத்திய ரஷ்யாவில் நிலமும் அதில் உழைத்த மனிதர்களும் சேர்ந்தே ஒருவரின் சொத்து. இவானுடைய ஊர் இவானோவோ, நிகீத்தாவுடைய ஊர் நிகீத்தினோ. மகளுக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த பகுதி மரியினோ, ஆன்னினோ, எலிசவேத்தினோ ஆகும். ரஷ்யர்கள் சூட்டிய ஞானஸ்நானப் பெயர்களே அந்தக் காலத்தில் தேவாலய நாட்காட்டிக்குள் அடங்கிய சிலதான். ஆட்களின் பெயர்களே குறைவு என்றால் அவர்களின் ஊர்ப் பெயர்கள் எப்படி அதிகமாகும்?

கோயில் வழியும் பிரபு வழியும் ஒரே ஊரில் மோதிக்கொள்வதும் உண்டு. தேவாலயத்தை வைத்து ஒரு பெயர், உடையவரை வைத்து இன்னொரு பெயர். பழைய ஆவணங்களில் இரண்டையும் எழுதி, பின்னால் ‘தோஷ்’ என்று போடுவார்கள். ‘அதுவும் இதுவே’ என்று பொருள். எழுத்தாளர் துர்கேனிவின் பண்ணை ஸ்பாஸ்கோயே-லுத்தவீனவோ என்று இரட்டைப் பெயரோடு இருப்பது இதனால்தான்: முன்பாதி கோயிலுடையது, பின்பாதி அவர் அம்மாவழிக் குடும்பமான லுத்தவீனவ்களுடையது. ஸ்பாஸ்கோயேக்கள் நாடெங்கும் கிடக்கின்றன, லுத்தவீனவோ ஒட்டிக்கொண்டதால் இது தப்பித்தது. அதேபோல எழுத்தாளர் செர்கேய் அக்சாகவின் தாத்தா 18ஆம் நூற்றாண்டில் சிம்பிர்ஸ்க் பக்கத்துப் பண்ணையிலிருந்து தன் விவசாயிகளைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே ஓரன்பூர்க் புல்வெளிக்குப் போய்ப் புது ஊர் அமைத்தார். பழையது திரோயித்ஸ்கோயே என்றும் அக்சாகவோ என்றும் வழங்கியது. புதியது ஸ்னாமென்ஸ்கோயே என்றும், அதற்கும் அக்சாகவோ என்றும். ஆளை மட்டுமல்ல, பெயரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிரபுக்கள் இப்படி விவசாயிகளை மொத்தமாக இடம் மாற்றியது அன்றைக்குச் சாதாரண விஷயம். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, ‘-ஓவ்கா’ என்று முடியும் பெயர்களுக்கு வருவோம், உங்கள் மிஹைலோவ்கா இந்த வகை. வடக்கிலும் மாஸ்கோவைச் சுற்றியும் ‘-ஓவோ’, ‘-இனோ’ அதிகம். தெற்கே வரோனெஷ், சராத்தவ், சமாரா, ஓரன்பூர்க், அப்புறம் ஓம்ஸ்க், அல்தாய் என்று புல்வெளிகளுக்குள் இறங்கினால் ‘-ஓவ்கா’ ஆட்சி. இந்தப் புல்வெளிகளில் பெரிய அளவில் உழவர் குடியேற்றம் நடந்தது 18, 19ஆம் நூற்றாண்டுகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன, எல்லாவற்றுக்கும் உடனடியாகப் பெயர் தேவைப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1801 முதல் 1917 வரை ரஷ்யாவை ஆண்ட ஜார் மன்னர்கள் ஐந்து பேர்: முதலாம் அலெக்சாந்தர், முதலாம் நிக்கலாய், இரண்டாம் அலெக்சாந்தர், மூன்றாம் அலெக்சாந்தர், இரண்டாம் நிக்கலாய். நூற்றுப் பதினாறு ஆண்டுகளுக்கு இரண்டே பெயர்கள்! புதுக் குடியேற்றங்கள் அலையலையாக நடந்த காலமும் ஏறக்குறைய இதேதான். மன்னர் பெயரை ஊருக்கு வைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நிலப்பிரபுக்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதே பெயர்களைத்தான் வைத்தார்கள். அலெக்சாந்திரோவ்காவும் நிக்கலாயெவ்காவும் ஏன் இப்படிக் குவிந்தன என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. மிஹைலோவ்காவுக்கு இன்னும் வசதி. அரச குடும்பத்தில் மிஹைல் என்ற இளவரசர்கள் இருந்தார்கள், மிஹைல் என்ற பிரபுக்கள் எங்கும் இருந்தார்கள், அதிதூதர் மிக்கேலின் பெயரில் தேவாலயங்கள் ஏராளம், முதலில் குடிசை போட்ட விவசாயியின் பெயரும் மிஹைலாக இருந்திருக்கலாம். நான்கு திசையிலிருந்தும் ஒரே பெயர் வந்து விழும். எந்த மிஹைலோவ்கா எந்த மிஹைலின் பெயரால் வந்தது என்பதை அந்த ஊரின் ஆவணத்தைப் பார்க்காமல் சொல்லவே முடியாது. உள்ளூர்ப் பள்ளி அருங்காட்சியகம் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். பிரபு, அழகான மகள், சூதாட்டத்தில் தோற்ற பண்ணை என்ற கதைகளை ஊருக்கு ஊர் கேட்கலாம்.

இப்படி வைத்த பெயர் நிலைத்து நிற்கும் என்றும் சொல்ல முடியாது. 1943இல் மாபெரும் டாங்கிப் போர் நடந்த புரொஹோரவ்காவை எடுத்துக்கொள்ளுங்கள், பெல்கோரத் பிராந்தியத்தில் இருக்கிறது. அந்தக் குடியிருப்பு முதலில் உடையவர் பெயரால் கிரில்லவ்கா. 19ஆம் நூற்றாண்டில் ஜார் பெயரால் அலெக்சாந்திரோவ்ஸ்கோயே. பக்கத்தில் ரயில் பாதை வந்தபோது நிலையத்துக்குப் புரொஹோரவ் என்ற பொறியாளரின் பெயர். போரால் நிலையத்தின் பெயர் உலகப் புகழ் பெற்றுவிட, 1968இல் ஊரும் அதே பெயருக்கு மாறியது. பிரபு, மன்னர், ரயில் என்று மூன்று காலங்கள் ஒரே ஊரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மாறியிருக்காவிட்டால் அது இன்றைக்கு எண்ணற்ற அலெக்சாந்திரோவ்ஸ்கோயேக்களில் ஒன்றாகவே இருந்திருக்கும்.

குடியேறியவர்கள் தங்கள் சொந்த ஊரின் பெயரைப் புது மண்ணில் நட்டது தனிக்கதை. அமூர் பிராந்தியத்தில் தம்போவ்கா இருக்கிறது. தம்போவிலிருந்து வந்தவர்கள் அமைத்தது. ஓம்ஸ்க் பக்கத்துப் பல்தாவ்கா, உக்ரைனின் பொல்தாவா மக்களுடையது. விளாதிவஸ்தோக்குக்கு வடக்கே உள்ள செர்னீகவ்கா 1886இல் செர்னீகவ் மாகாணத்து மக்களால் உருவானது. 1883 முதல் ஒதேசா துறைமுகத்திலிருந்து கப்பலேறி, சூயஸ் கால்வாய், இந்தியப் பெருங்கடல் என்று பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு இந்தக் குடியேறிகள் பசிபிக் கரைக்கு வந்தார்கள். சைபீரியாவை ரயில் இன்னும் கடக்கவில்லை. வண்டி கட்டிப் போனால் வருடக்கணக்கில் ஆகும், கப்பலே மேல் என்ற நிலை. இவ்வளவு தூரம் வந்தவர்கள் பழைய பெயரை விடாமல் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

இதிலேயே வேடிக்கையான கிளை ஒன்று உண்டு. தெற்கு யூரலில், செல்யாபின்ஸ்க் பிராந்தியத்தில், பாரிஸ், லைப்சிக், பெர்லின், வார்னா, பெர்ஷம்பனுவாஸ் என்ற கிராமங்கள் இருக்கின்றன. ஐரோப்பியர் யாரும் வந்து குடியேறவில்லை. ஓரன்பூர்க் கொசாக்கியர்களின் புதிய எல்லைக் காவல் குடியிருப்புகளுக்கு முதலில் வெறும் எண்களே இருந்தன. 1840களில், ரஷ்யப் படைகள் வென்ற போர்க்களங்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். நெப்போலியனைத் துரத்திக்கொண்டு ரஷ்யர்கள் பாரிஸ்வரை போன நினைவு அப்போது இன்னும் ஆறவில்லை. அங்கே வாழ்பவர்களில் பலர் நகாய்பாக்கியர், துருக்கிய மொழி பேசும் கிறிஸ்தவர்கள். இந்தப் பாரிஸில் இப்போது ஒரு குட்டி ஈபிள் கோபுரமும் நிற்கிறது. அலைபேசி நிறுவனம் ஒன்று கட்டிய கோபுரம்.

மரம், கல், ஆறு பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெரியோசொவ்கா என்றால் பிர்ச் மரம், சஸ்னோவ்கா என்றால் பைன், கமென்கா என்றால் கல். பலமுறை முதலில் பெயர் பெற்றது ஓடைதான், ஊர் அதிலிருந்து கடன் வாங்கியது. கல் நிறைந்த ஓடை கமென்கா ஆனது, அதன் கரையில் அமைந்த ஊரும் கமென்கா. ரஷ்யாவில் கல் நிறைந்த ஓடைகளுக்கா பஞ்சம்? வடக்கில் காட்டை எரித்து உழுத இடங்களில் ‘காரி’ என்ற பெயர் வரும், புதிதாகத் தொடங்கிய ஒற்றைக் குடியிருப்புக்குப் ‘பச்சீனக்’ என்ற பெயர் வரும். பெரிய ஊரிலிருந்து பிரிந்து போனவர்களின் ஊர் ‘வீசெல்கி’, நதிக்கு அப்பால் இருந்தால் ‘சரேச்யே’, காட்டுக்கு அப்பால் இருந்தால் ‘சலேஸ்யே’.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஆர்ஹாங்கெல்ஸ்க், வோலக்தா பக்கம் பார்க்க வேண்டும். அங்கே பல இடங்களில் ஊர் என்பது ஒற்றைக் குடியிருப்பு இல்லை. ஆற்றோரமாக ஐந்தாறு சின்னக் குடியிருப்புகள் கூட்டாக இருக்கும், கூட்டுக்கு ஒரு பொதுப் பெயர். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்: மேட்டில் இருப்பது கரா, தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருப்பது பகோஸ்த், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சரேச்யே. வெளியாளுக்குக் கூட்டின் பெயர் போதும். உள்ளே இருப்பவர்களுக்கு ‘மேடு’ என்று சொன்னால் எந்த மேடு என்று யாரும் கேட்க மாட்டார்கள், கண்ணெதிரே தெரிகிறது. பிற்காலத்தில் அரசாங்க எழுத்தர் வந்து ஒவ்வொரு குடியிருப்பையும் தனித்தனி ஊராகப் பட்டியலில் ஏற்றியபோதுதான் இத்தனை மேடுகளும் இத்தனை அக்கரைகளும் ஒரே தாளில் வந்து நின்றன. குழப்பத்தை உண்டாக்கியது விவசாயி இல்லை, பட்டியல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயர் ரஷ்ய மொழியில் இல்லாவிட்டால் குழப்பம் குறையுமா? கொஞ்சம் குறையும், முழுதாக இல்லை. தாத்தாரியர், பாஷ்கீரியர் மொழிகளிலும் ‘புது ஊர்’, ‘பழைய’ என்ற வகைப் பெயர்கள் உண்டு. பாஷ்கோர்த்தஸ்தானில் உள்ள யனாவுல் நகரத்தின் பெயரே ‘புது ஊர்’தான்.

சோவியத் காலம் வந்தபோது மேலிருந்தே பெயர் வைக்கும் ஆட்கள் வந்தார்கள். நாட்டு வரைபடம் அவர்கள் கையில் இருந்தது, இனியாவது தனித்தனிப் பெயராக வரும் என்று எதிர்பார்க்கலாம். நடந்தது நேர்மாறு. பெயர் இப்போது அடையாளத்துக்காக இல்லை, விசுவாசத்தைக் காட்டுவதற்காக. அக்தியாப்ர்ஸ்கி (அக்டோபர் புரட்சி), பெர்வமாய்ஸ்கி (மே தினம்), லெனினோ, கீரவோ (சோவியத் தலைவர் கீரவ்), பபேதா (வெற்றி) என்று மாவட்டத்துக்கு மாவட்டம் முளைத்தன. 1920களில் பழைய கிராமங்களிலிருந்து பிரிந்து போய்ப் புது நிலத்தில் அமைந்த சின்னக் குடியிருப்புகள் ‘நோவயா ஷீஸ்ன்’, அதாவது புதுவாழ்வு, என்றும் ‘செங்கொடி’, ‘சிவப்பு உழவன்’ என்ற தொனியிலும் பெயர் வைத்துக்கொண்டன. லெனினின் தந்தைவழிப் பெயரைக் கொண்டு ‘இலீச்சின் கட்டளைகள்’ என்ற பொருளில் சவேதி இலிச்சா என்று மாஸ்கோவுக்கு வெளியே ஒரு குடியிருப்பு, ஹபாரவ்ஸ்க் பக்கம் இன்னொன்று. அரசுப் பண்ணைகளின் கிளைகளுக்குப் பெயர் வைக்கவே சோம்பல்பட்டு, ‘இன்ன பண்ணையின் இரண்டாவது பிரிவு’ என்பதையே ஊர்ப் பெயராக விட்டுவிட்டார்கள். மாஸ்கோ பிராந்தியத்தின் சராய்ஸ்க் பக்கம் ஒரு குடியிருப்பின் அதிகாரபூர்வப் பெயரே ‘அக்டோபரின் 40 ஆண்டுகள் என்ற அரசுப் பண்ணையின் மையக் குடியிருப்பு’. கடிதத்தில் முகவரி எழுதுபவரை நினைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘கிராஸ்னி’ என்று தொடங்கும் எல்லாம் சோவியத் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ரஷ்ய வழக்கில் அந்தச் சொல்லுக்குச் சிவப்பு என்பதோடு அழகு என்ற பொருளும் உண்டு. கிராஸ்னி யார், அதாவது அழகிய செங்குத்துக் கரை, என்பது புரட்சிக்கு மிகவும் முந்தைய பெயர். 1628இல் உருவான கிராஸ்னயார்ஸ்க் நகரத்தின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கிராஸ்னயா ஸ்வெஸ்தா, அதாவது செந்நட்சத்திரம், என்றால் தாராளமாக 1917க்குப் பின் என்று சொல்லலாம். கிராஸ்னயே என்று மட்டும் இருந்தால் ஆவணத்தைப் பார்க்காமல் வாய் திறக்க வேண்டாம்.

இன்னொரு அலை, கொஞ்சம் கனமானது. 1941இல் வோல்கா ஜெர்மானியர்கள் மொத்தமாகச் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஊர்களின் ஜெர்மன் பெயர்கள் அடுத்த ஆண்டே அழிக்கப்பட்டன. சூரிச் என்ற ஊர் சோர்கினோ ஆனது, மரியன்தால் சவேத்ஸ்கோயே ஆனது. போருக்குப் பின் ஜெர்மனியிடம் இருந்த கிழக்குப் பிரஷ்யாவின் வடபகுதி சோவியத் கைக்கு வந்தது. 1946இல் கோனிக்ஸ்பெர்க் கலீனின்கிராத் ஆனது, சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் அதிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் ரஷ்யப் பெயர் தேவைப்பட்டது. வந்தேறியவர்களுக்கு அந்த மண்ணோடு எந்த நினைவும் இல்லை. என்ன செய்வார்கள்? ஏற்கெனவே தெரிந்த பெயர்களையே எடுத்துப் போட்டார்கள். ட்ராகேனர் குதிரை இனத்துக்குப் பெயர் கொடுத்த ட்ராகேனென் இன்றைக்கு யாஸ்னயா பொல்யானா. டால்ஸ்டாயின் யாஸ்னயா பொல்யானாவோ தூலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கலீனின்கிராத் பக்கம் சுற்றுலா போய், இதுதான் டால்ஸ்டாய் வீடா என்று கேட்டுவிடாதீர்கள்.

எழுத்தாளர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘கோர்க்கி’ என்றால் சின்ன மேடுகள். மாஸ்கோவைச் சுற்றி அந்தப் பெயரில் ஊர்கள் பல. 1924இல் லெனின் இறந்தது மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கோர்க்கியில், அதனால் அது கோர்க்கி லெனின்ஸ்கியே ஆகித் தப்பித்தது. மேற்கே இருப்பவற்றுக்கு எண் கொடுத்துவிட்டார்கள்: கோர்க்கி-2, கோர்க்கி-10. தமிழில் நாம் கார்க்கி என்று எழுதும் மாக்சிம் கோர்க்கி 1936இல் இறந்தது இந்தக் கோர்க்கி-10 வீட்டில். அவருக்கும் ஊர்ப் பெயருக்கும் தொடர்பே இல்லை. அவருடைய புனைபெயர் கசப்பு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. இதற்கும் மேலே, நீஷ்னி நோவ்கரத் நகரம் 1932 முதல் 1990 வரை அவர் நினைவாக கோர்க்கி என்று அழைக்கப்பட்டது. பழைய ஆவணத்தில் ‘கோர்க்கி’ என்று பார்த்தால் எது என்று இரண்டு தடவை யோசியுங்கள்.

சரி, ரஷ்யர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பேச்சில் பெரும்பாலும் சிக்கலே வருவதில்லை. மாவட்டத்தை, அவர்கள் மொழியில் ‘ரயோன்’, சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். ஊர் எது என்று கேட்டால் ‘இன்ன ரயோனில் மிஹைலோவ்கா’ என்றுதான் பதில் வரும். ஒரே மாவட்டத்தில் இரண்டு இருந்தால் பெரிய, சின்ன, புதிய, பழைய, மேல், கீழ் என்று முன்னொட்டு வரும், அல்லது முதலாம், இரண்டாம் என்ற எண் வரும், அல்லது நதியின் பெயர் ஒட்டிக்கொள்ளும். புஷ்கின் 1830இல் காலரா தடுப்புக்காவலால் மாட்டிக்கொண்டு எழுதிக் குவித்த பல்தினோ இன்றைக்கு அதிகாரபூர்வமாகப் பெரிய பல்தினோ. சின்ன பல்தினோவும் அருகிலேயே இருக்கிறது. எழுத்தில் என்றால் 1971இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. பல கிராமங்களுக்கு ஒரே குறியீடு என்பதால் அது ஊரைச் சொல்லாது, ஆனால் அஞ்சல் நிலையத்தைச் சொல்லும், அது போதும்.

இனி உங்கள் நண்பரின் மிஹைலோவ்கா. இணையத் தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் வோல்கோகிராத் பிராந்தியத்தில் உள்ள மிஹைலோவ்கா நகரமாக இருக்கும், இல்லாவிட்டால் உஸ்ஸூரீஸ்க் அருகே உள்ள மாவட்டத் தலைநகர். பெரியது என்பதற்காக அவை மேலே வருகின்றன, அவ்வளவுதான். நண்பரின் கொள்ளுப்பாட்டியின் ஊர் இன்று ஆளே இல்லாத ஒன்றாகவும் இருக்கலாம். அதனால் வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள், வீட்டுக் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள்.

சோவியத் காலப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, உழைப்புக் கையேடு, படைவீரர் கையேடு, எது கிடைத்தாலும் பாருங்கள். பிறந்த இடத்தைக் கிராமம், ரயோன், பிராந்தியம் என்ற வரிசையில் எழுதும் வழக்கம் இருந்தது. கொள்ளுப்பாட்டியின் காகிதம் இல்லை என்றால் அவருடைய அண்ணன் தம்பிகள் போருக்குப் போயிருப்பார்களே? ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையத் தரவுத்தளங்களில் இரண்டாம் உலகப் போர் வீரர்களின் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல பதிவுகளில் பிறந்த ஊரும், எந்த ரயோன் அலுவலகம் படைக்கு எடுத்தது என்பதும் இருக்கும். என்னைக் கேட்டால், இதைவிட விரைவான வழி இல்லை. குடும்பப் பெயரும் மிஹைலோவ்காவும் சேர்ந்து வரும் பதிவுகள் சில மட்டுமே இருக்கும், அவற்றிலேயே பிராந்தியம் தெரிந்துவிடும்.

1920களுக்கு முந்தைய காகிதம் என்றால் ரயோன் இருக்காது. குபேர்னியா (மாகாணம்), உயெஸ்த் (மாவட்டம்), வோலஸ்த் (சில ஊர்கள் சேர்ந்த வட்டம்) என்ற பழைய பிரிவுகள் இருக்கும். அந்த எல்லைகள் இன்றைய எல்லைகளோடு பொருந்தாது. இதற்கு உள்துறை அமைச்சகத்தின் மத்தியப் புள்ளியியல் குழு 1861 முதல் 1885 வரை மாகாண வாரியாக வெளியிட்ட குடியிருப்புப் பட்டியல்கள் உதவும். மின்வடிவில் கிடைக்கின்றன. ஊர் எந்த ஓடையோரம், எத்தனை வீடு, தேவாலயம் உண்டா என்பதுவரை கொடுத்திருப்பார்கள். பிறகு தேவாலயப் பதிவேடுகள்: 1722இல் தொடங்கிய வழக்கம், பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் பங்குத் தேவாலயத்தில் எழுதப்பட்டன. இவை பெரும்பாலும் பிராந்திய அரசு ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. திரேவ்னியாவின் பதிவைத் தேடும்போது அது எந்தச் செலோவின் பங்கைச் சேர்ந்தது என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சரியான பேரேடு கையில் வராது. நூறு ஆண்டுக்குள் உள்ள பிறப்புப் பதிவு என்றால் ஆவணக்காப்பகம் அல்ல, ‘ஸாக்ஸ்’ என்ற குடிமைப் பதிவு அலுவலகம்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது ‘ஊர் எங்கே’ என்று கேட்டால் ‘தெரியாது’ என்பார்கள். வேறு விதமாகக் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓடிய ஆற்றின் பெயர் என்ன? சந்தைக்கு எந்த ஊருக்குப் போனார்கள்? ரயில் ஏறியது எந்த நிலையத்தில்? ஊர்த் திருநாள் எப்போது? நவம்பர் 21 என்றால் அதிதூதர் மிக்கேல் திருநாள், ஊருக்குப் பெயர் தந்தது தேவாலயமாக இருக்க வாய்ப்புண்டு. வீட்டை ‘இஸ்பா’ என்றார்களா ‘ஹாத்தா’ என்றார்களா? ஹாத்தா என்றால் தெற்கு, அல்லது உக்ரைனிலிருந்து வந்தவர்களின் குடியேற்றம். வடக்கில் தேடும் வேலை மிச்சம்.

ஊர் அழிந்திருந்தால் தற்போதைய பட்டியலில் இருக்காது. அப்போது சோவியத் ராணுவ நிலவரைபடங்களைப் பாருங்கள். கைவிடப்பட்ட ஊர் இருந்த இடத்தில் ‘உர்.’ என்ற சுருக்கத்தோடு பழைய பெயர் அச்சாகியிருக்கும், உரோச்சிஷே, அதாவது தனிப்பெயருள்ள இடம், என்பதன் சுருக்கம். கடைசியாக, ஆவணக்காப்பகத்துக்கு எழுதும்போது மிஹைலோவ்கா என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். குடும்பப் பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, தெரிந்தால் ஆற்றின் பெயர், இவற்றோடு ‘இந்த ஊருக்கு வேறு பெயர் இருந்ததா’ என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். பாட்டி வாயில் மிஹைலோவ்காவாக இருந்த ஊர், பதிவேட்டில் அதிதூதர் தேவாலயத்தின் பெயரால் ஏதோ ஒரு ஆர்ஹாங்கெல்ஸ்கோயேவாக உட்கார்ந்திருக்கலாம்.